கண்டியில் அவதூறு வழக்கு

அவதூறு இலங்கையில் இன்று குடியியல் தவறு. பொலிஸ் கைது செய்து வழக்குத் தொடரும் குற்றமல்ல. கண்டியில் சட்டத்தரணியைத் தேடி வரும் கட்சிக்காரருக்கு முதலில் விளங்கவைக்க வேண்டியது இதுதான். “அவனை உள்ளே போட வேணும்” என்று கேட்பவர், தமிழகத் தொலைக்காட்சிச் செய்திகளில் கண்டதை இங்கும் எதிர்பார்க்கிறார். இந்தியாவில் அவதூறுக்கு இன்றும் 2 ஆண்டு வரை சிறை உண்டு. இலங்கையிலும் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை அதைக் குற்றமாகவே வைத்திருந்தது. 1997இல் சண்டே டைம்ஸ் ஆசிரியர் சிங்ஹ ரத்னதுங்க, ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க பற்றி வெளியான பத்தி ஒன்றுக்காக அதன் கீழ் குற்றவாளியாகக் காணப்பட்டார். அந்தப் பிரிவுகளை 2002ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் நீக்கியது. பத்திரிகையாளர்கள் நெடுங்காலம் போராடிப் பெற்ற நியாயமான மாற்றம் அது. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இணையத்தில் பரப்பப்படும் சில பொய்க் கூற்றுகளைத் தனிக் குற்றங்களாக்கியிருக்கிறது. அது வேறு வழி, வேறு நடைமுறை.

குடியியல் வழக்குக்கு அடிப்படை ரோமன்-டச்சுச் சட்டம். அதைக் கரையோரத்துக்குக் கொண்டுவந்த ஒல்லாந்தர் கண்டியை ஆண்டதில்லை. 1765இல் நகரைக் கைப்பற்றியும் சில மாதங்களே தாக்குப்பிடித்தனர். கண்டியைப் பிரித்தானியரிடம் ஒப்படைத்த 1815 உடன்படிக்கை கண்டியச் சட்டத்தைக் காப்பதாகச் சொன்னது. அச்சட்டம் மௌனமாக இருக்கும் விடயங்களில் கரையோர மாகாணங்களின் சட்டம் செல்லும் என்று 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் விதித்தது. திருமணம், உரிமையுரித்து போன்றவற்றில் கண்டியச் சட்டம் நிலைத்தது. மானத்துக்கு நேர்ந்த தீங்கோ ஒல்லாந்தர் சட்டத்தின் கீழ் வந்தது. வழக்காளி கண்டியச் சிங்களவரானாலும் தோட்டத் தமிழரானாலும் முஸ்லிம் வணிகரானாலும் அளவுகோல் ஒன்றே.

வழக்காளி காட்ட வேண்டியவை அதிகமில்லை. சொல் அவரைக் குறிக்க வேண்டும். சமூகத்தில் அவர் மதிப்பைக் குறைக்க வேண்டும். மூன்றாவது ஆள் ஒருவரையாவது எட்டியிருக்க வேண்டும். அவருக்கு மட்டும் ஒட்டிய உறையில் வந்து, அவர் மட்டுமே படித்த கடிதம் இதில் அடங்காது. வாயால் சொன்னதற்கும் அச்சில் வந்ததற்கும் இங்கே வேறுபாடில்லை. தீங்கு செய்யும் எண்ணம் தேவைதான். ஆனால் சொல் வெளிப்படையாகவே இழிவுபடுத்துவதாக இருந்தால் நீதிமன்றம் அந்த எண்ணத்தை ஊகித்துக்கொள்ளும். அதன்பின் சுமை எதிராளியின் தோளில்.

எதிராளி தரப்பில் அதிகம் தவறாக விளங்கிக்கொள்ளப்படுவது உண்மை என்ற எதிர்வாதம். ஆங்கிலச் சட்டத்தில் சொன்னது உண்மை என்று நிறுவினாலே தப்பலாம். இங்கே அது போதாது. வெளியிட்டதால் பொதுநன்மை உண்டு என்றும் காட்ட வேண்டும். ஒருவர் இருபது ஆண்டுகளுக்கு முன் செய்த தவறை, அவர் மகளின் கல்யாணம் பேசும் நேரத்தில் ஊரெல்லாம் பரப்பினால், அது உண்மையாயிருந்தும் தப்புவது கடினம். கூட்டுறவுச் சங்கப் பணத்தைக் கையாள வருபவர் முன்பு பணம் கையாடியவர் என்று அங்கத்தவருக்குச் சொல்வது வேறு விடயம். தனி மனிதரின் நிம்மதியைக் காப்பதில் இந்த விதி ஆங்கில விதியை விட மனிதத்தன்மை மிக்கது.

பொதுநன்மை எவ்வளவு தூரம் செல்லும் என்பதைப் பெரேரா எதிர் பீரிஸ் வழக்கில், அன்று இலங்கைக்கு இறுதி மேன்முறையீட்டு மன்றமாயிருந்த பிரிவிக் கவுன்சில் 1948இல் விரிவாகச் சொன்னது. அரசாங்க சபை உறுப்பினர்களின் இலஞ்சம் பற்றிய ஆணைக்குழு அறிக்கையிலிருந்து ஒரு பத்திரிகை பகுதிகளை வெளியிட்டது. அதில் குறை கூறப்பட்ட மருத்துவர் வழக்குத் தொடுத்தார். மக்கள் அறிய வேண்டிய அறிக்கையை நேர்மையாக வெளியிடுவது சிறப்புரிமைக்குரியது என்று தீர்ப்பாயிற்று. இன்றும் பத்திரிகைத் தரப்புச் சட்டத்தரணி முதலில் கையிலெடுப்பது இந்தத் தீர்ப்பைத்தான். பொலிசுக்கு நல்லெண்ணத்துடன் கொடுக்கும் முறைப்பாட்டுக்கும் வரையறைக்குட்பட்ட பாதுகாப்பு உண்டு. பாராளுமன்றப் பேச்சுக்குள்ள பாதுகாப்பு முழுமையானது. நேர்மையான கருத்துரை என்ற வாதம், கருத்துக்கு அடியிலுள்ள சம்பவங்கள் சரியாக இருந்தால்தான் எடுபடும்.

கைத்திறன் தெரிவது வரைவில். சொன்ன சொல்லை உள்ளபடியே எழுத வேண்டும். “தரக்குறைவாகப் பேசினார்” என்ற வரியில் வழக்கு நிற்காது. யார் முன்னிலையில், எங்கே, எப்போது என்பதும் வேண்டும். கண்டியில் நீதிமன்ற மொழி சிங்களம். ஆனால் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை தமிழில் வழக்குத் தாக்கல் செய்யவும் அரச செலவில் உரைபெயர்ப்புப் பெறவும் உரிமை தருகிறது. தமிழ்க் கட்சிக்காரர் பலர் அதைக் கேட்பதே இல்லை. கேட்க வேண்டும்.

வழக்குக்கு முன் கோரிக்கைக் கடிதம் போகும். அதில் பெருந்தொகையை எழுதுவது எளிது. ஆனால் கட்சிக்காரருக்கு உண்மையில் தேவைப்படுவது பெரும்பாலும் ஒரு திருத்தம், அதே பக்கத்தில், அதே அளவில். அந்த வாசகத்தை வழக்காளி தரப்பே எழுதிக்கொடுத்தால் விடயம் அங்கேயே தீரக்கூடும். தீராவிட்டால் 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும், அதன்பின் காலாவதி. பண இழப்பை நிரூபிக்கத் தேவையில்லை. நட்டஈட்டை நீதவானல்ல, மாவட்ட நீதிபதியே தீர்மானிப்பார். அதிருப்தியான தரப்பு 14 நாட்களுக்குள் மேன்முறையீட்டு அறிவித்தலும் 60 நாட்களுக்குள் மனுவும் கொடுத்து, மாகாணக் குடியியல் மேன்முறையீட்டு மேல் நீதிமன்றத்துக்குச் செல்லலாம். அதற்கு மேல் உயர் நீதிமன்றம், அதுவும் அனுமதி கிடைத்தால்.