பெற்றோர் மாற்றுத்திறனாளிகளாக இருக்கும் பிள்ளைகளுக்கு

பெற்றோரில் ஒருவர் இறந்து, மற்றவர் உடல் அல்லது மனநலக் குறைபாட்டோடு இருக்கும் குழந்தைகளுக்குத் தமிழக அரசின் ‘அன்புக்கரங்கள்’ திட்டம் மாதம் 2,000 ரூபாய் தருகிறது. 2025 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இத்திட்டத்தில் 18 வயதுவரை, பள்ளிப்படிப்பு தடைபடாமல் இருக்க, உதவி கிடைக்கும். அதன்பின் உயர்கல்விக்கும் திறன் பயிற்சிக்கும் வழிசெய்யப்படுகிறது. குடும்ப அட்டை, குழந்தையின் ஆதார், பிறப்புச் சான்றிதழ், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றின் நகல்கள் தேவை.

ஒன்றிய அரசின் ‘மிஷன் வாத்சல்யா’ நிதி ஆதரவு மாதம் 4,000 ரூபாய். விபத்தால் செயலிழந்து, பிள்ளையைப் பராமரிக்க முடியாத பெற்றோரின் குழந்தைகளும் இதில் வருவர். கிராமப்புறத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கும், மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கும் மிகக் கூடாது. இந்த வரம்பு மிகக் குறைவு; கூலி வேலைக்குப் போகும் வீடுகூட எளிதில் தாண்டிவிடும்.

மாற்றுத்திறனாளிகள் நல வாரியத்தில் பதிந்தவர்களின் பிள்ளைகளுக்குத் தனியே கல்வி உதவித்தொகையும் உண்டு. வாரியப் பதிவு இல்லாவிட்டால் இது கிடைக்காது.

கன்னியாகுமரி மாவட்டம் அஞ்சுகிராமத்தில் இருப்பவர்களுக்கு, இந்த உதவிகளுக்கான மாவட்ட அலுவலகங்கள் நாகர்கோவிலில்தான். சக்கர நாற்காலியில் இருக்கும் தகப்பனோ பார்வையற்ற தாயோ பஸ் ஏறி இறங்குவது பெரும்பாடு. பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு பிள்ளையே துணைக்குப் போக வேண்டியிருக்கும். பேரூராட்சியிலேயே மனு வாங்கினால் எவ்வளவோ நல்லது. உங்கள் தெருவில் இப்படியொரு குடும்பம் இருந்தால் தகவலைச் சொல்லுங்கள், மனு எழுதிக் கொடுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098.