கையில் ஒன்றுமில்லாதவன் முறை

கடதாசி விளையாட்டைப் பற்றி ஓர் இலக்கியச் சஞ்சிகைக்கு எழுதுவதா என்று மூன்று தடவை யோசித்த பிறகுதான் பேனையை எடுத்தேன். பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கும் என் மச்சான் இதை வாசித்தால் என்ன சொல்வார் என்பது எனக்குத் தெரியும். வாப்பா உயிரோடு இருந்தால் அவர் சொல்ல மாட்டார், முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவருக்குக் கடதாசியும் சூதும் ஒன்றுதான். காசு வைக்காமல் ஆடினாலும் நேரத்தை வைத்து ஆடுகிறீர்கள் என்பார். அந்த வாதத்துக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

ஆனால் வாப்பாவுக்குத் தெரியாமல் நான் ஏழாம் வகுப்பிலேயே முந்நூற்று நாலு பழகிவிட்டேன். மாமாவின் வயல் வாடியில், வேளாண்மைக் காவல் இரவுகளில், லாம்பு வெளிச்சத்தில். முப்பத்திரண்டு கடதாசி. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11 என்று கூட்டிக்கொண்டு போனால் மொத்தம் 304. முதலில் ஆளுக்கு நாலு கடதாசியைப் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்க வேண்டும். எங்கள் பக்கத்தில் 160இல் தொடங்கும். உச்சக் கேள்வி கேட்டவர் துரும்பைக் கவிழ்த்து வைப்பார். இதெல்லாம் வாசகர்கள் பலருக்கும் தெரிந்ததுதான். தெரியாதவர்களும் தெரியாதது போல் இருப்பவர்களே தவிர வேறில்லை.

மாமாவோடு ஜோடி சேர்ந்தால் தோற்பது அரிது. அவருடைய காதும் மூக்கும்தான் காரணம். காதைச் சொறிந்தால் ஆட்டின், மூக்கைத் தடவினால் இஸ்பேடு, இருமினால் கேள்வியை ஏற்று. எதிர்ப் பக்கத்தாருக்கும் இதுபோல ஓர் அகராதி இருந்தது. யாருடைய அகராதி மற்றவருக்கு விளங்கவில்லையோ அவருக்கு வெற்றி. அதைக் களவு என்று நான் அப்போது நினைக்கவில்லை. ஆட்டமே அதுதான் என்று நினைத்தேன்.

2003இல் ஆசிரியர் கலாசாலைக்குப் போனேன். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. விடுதியில் எங்கள் கட்டிலில் கடதாசிக் கட்டைக் கண்ட கணித விரிவுரையாளர் அதைப் பறிக்கவில்லை. கையில் எடுத்து எண்ணிப் பார்த்தார். "ஐம்பத்திரண்டும் இருக்கு. பிறகு ஏன் தம்பிமார் இருபதைத் தூக்கி வச்சிட்டு விளையாடுறீங்க?" என்று கேட்டார். அறுபதுகளில் பேராதனையில் படித்தவர், அங்கே பிரிட்ஜ் பழகியவர். நாலு பேர் சேராததால் பல வருடமாக ஆடாமல் இருந்தவர். அன்று இரவே மூன்று பேரைப் பிடித்துவிட்டார். ஒருவன் நான். ஒருவர் மூதூர்ப் பக்கத்து மூத்த ஆசிரியர். மற்றவன் படுவான்கரையிலிருந்து வந்த தமிழ் நண்பன். அவனும் நானும் ஜோடி.

பிரிட்ஜில் ஆளுக்குப் பதின்மூன்று கடதாசி, பதின்மூன்று பிடி. விளையாடுவதற்கு முன் ஏலம் நடக்கும். 'ஒரு ஆட்டின்' என்று ஒருவர் கேட்டால், ஆட்டினைத் துரும்பாக வைத்து ஆறோடு ஒன்று, ஏழு பிடி எடுப்பேன் என்று அர்த்தம். கிளாவர், டைமன், ஆட்டின், இஸ்பேடு, துரும்பில்லாத ஆட்டம் என்று ஐந்து படி. ஒன்றிலிருந்து ஏழு வரை. ஆக முப்பத்தைந்து கேள்விகள். இவற்றோடு பாஸ், டபிள், ரீடபிள். மொத்தம் 38 சொற்கள். அந்த மேசையில் அதற்கு மேல் ஒரு சொல் பேச அனுமதியில்லை. இருமக்கூடாது, பெருமூச்சு விடக்கூடாது, ஒரு கேள்வியை இழுத்துச் சொல்வதும் மற்றதைச் சட்டென்று சொல்வதும்கூடக் குற்றம். துணை யோசித்துத் தயங்கியதை வைத்து நீ ஒரு முடிவெடுத்தால் அதுவும் களவு.

பதின்மூன்று கடதாசியின் கதையை முப்பத்தெட்டுச் சொற்களில் சொல்வது எப்படி? அதற்குத்தான் உடன்படிக்கைகள். இந்தக் கேள்விக்கு இன்ன அர்த்தம் என்று ஜோடிகள் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வார்கள். இதைக் கேட்டதும் எனக்கு மாமாவின் காது ஞாபகம் வந்தது. வாயை அடக்க முடியாமல் சேரிடம் சொல்லியும்விட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"வித்தியாசம் இருக்குது தம்பி. உங்க மாமாவின் காது எதிராளிக்குத் தெரியாது. இங்க நீங்களும் உங்க ஜோடியும் என்ன பேசி வச்சிருக்கிறீங்க என்பதை எதிராளி கேட்டால் சொல்லியே ஆகணும். கடதாசியை மறைக்கலாம், பாஷையை மறைக்கக்கூடாது."

இன்னொன்றும் சொன்னார். கேள்வி கேட்டவர் தன் கேள்விக்குத் தானே விளக்கம் சொல்ல முடியாது. சொன்னால் அது தன் துணைக்கும் பாடம் சொன்னதாகிவிடும். விளக்கம் சொல்ல வேண்டியவர் அவருடைய ஜோடி. 'அவர் இப்படிச் சொன்னால் நான் இப்படித்தான் விளங்கிக்கொள்வேன்' என்று.

இந்த நியாயத்தைப் பெரிய ஆட்டக்காரர்களே மீறியிருக்கிறார்கள் என்பது வேறு கதை. 1975இல் பெர்முடாவில் நடந்த உலகப் போட்டியில், ஜோடிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதபடி மேசைக்குக் குறுக்கே மறைப்பு வைத்தார்கள். அப்போதும் ஓர் ஐரோப்பிய ஜோடி மேசைக்குக் கீழே காலால் பேசுகிறது என்று முறைப்பாடு வந்தது. பிறகு மேசைக்குக் கீழேயும் மறைத்தார்கள். மாமாவிடம் இதைச் சொன்னபோது, "அவனுகளுக்கும் காது சொறியத் தெரிஞ்சிரிக்கி" என்று மிகவும் சந்தோஷப்பட்டார்.

சேர் நல்ல கதைசொல்லி. 'லோரன்ஸ் ஒஃப் அரேபியா'வில் ஒட்டகத்தில் வந்த ஒமர் ஷெரிப், 1964இல் நியூயோர்க்கில் நடந்த உலகப் பிரிட்ஜ் ஒலிம்பியாட்டில் எகிப்துக்காக ஆடியவர் என்பதை அவர் மூலம்தான் அறிந்தேன். பிறகு அமெரிக்கப் பத்திரிகைகளில் பிரிட்ஜ் பத்தியும் எழுதினார். 1981இல் கராச்சிக்காரர் ஸியா மஹ்மூத் ஆடிய பாகிஸ்தான் அணி உலகக் கிண்ண இறுதிவரை போய் அமெரிக்காவிடம் தோற்ற கதையைச் சேர் சொல்லும்போது, கிறிக்கட்டில் தோற்றது போல மூதூர் நண்பர் கவலைப்பட்டார்.

இனி டபிளுக்கு வருகிறேன். டபிள் என்பது முதலில் தண்டனைதான். 'உன்னால் முடியாது, முடியாமல் போனால் அபராதம் பெருகட்டும்' என்று எதிராளியைப் பார்த்துச் சொல்வது. ஒப்பந்தம் ஒரு பிடியால் தவறினால் 50. டபிள் சொல்லியிருந்தால் 100. மூன்றால் தவறினால் 150, டபிளில் 500. ஆனால் எதிராளி ஒரே ஒரு ஆட்டின் என்று கேட்ட இடத்தில் அவனைத் தண்டிக்கும் பலம் யாருக்கு, எத்தனை தடவை வரும்? அந்த இடத்தில் டபிள் சும்மா கிடக்கும் சொல். 1912, 13 அளவில் அமெரிக்க ஆட்டக்காரர்கள் சிலர் அந்தச் சும்மா கிடந்த சொல்லுக்கு வேறு வேலை கொடுத்தார்கள். 'என்னிடம் நல்ல கை இருக்கிறது, ஆனால் அவன் கேட்ட ஆட்டின் என்னிடம் குறைவு. மற்ற மூன்றில் உனக்கு எது நீளம்? சொல்லு, நான் தாங்குகிறேன்' என்று துணையிடம் கேட்பது. பின்னர் 1957இல் அல்வின் ரோத் என்பவர் இன்னொரு வகை டபிளைக் கொண்டுவந்தபோது, அந்த வருடம் ரஷ்யா விட்ட செய்மதியின் பெயரால் அதை ஸ்புட்னிக் என்றே அழைத்தார்கள்.

ஆக ஒரே சொல். தண்டனையும் அதுதான், வேண்டுகோளும் அதுதான். எந்த இடத்தில், எதற்குப் பிறகு வந்தது என்பதை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும்.

நான் பிரித்தறியாத ஓர் இரவை மறக்க முடியாது. சேர் 'ஒரு ஆட்டின்' என்றார். என் ஜோடி 'டபிள்' என்றான். மூதூர் நண்பர் பாஸ். என் முறை. கையில் பத்துக்கு மேல் ஒரு கடதாசி இல்லை. இஸ்பேட்டில் நாலு உதவாக்கரை, கிளாவரில் நாலு, டைமனில் மூன்று, ஆட்டினில் இரண்டு. ஒன்றுமில்லாதவன் வாயைத் திறக்காமல் இருப்பதே மரியாதை என்று நினைத்து நானும் பாஸ் என்றேன். டபிளில் சேர் ஆடினார். ஏழு பிடி கேட்டவர் ஒன்பது எடுத்தார். சாதாரணமாக 140 வர வேண்டிய இடத்தில் 360.

அவன் ஒன்றும் பேசவில்லை. கடதாசியை அடுக்கிக்கொண்டே சேர்தான் சொன்னார்: "துணை கேட்ட பிறகு, இடையில எதிராளியும் பேசாட்டி, கையில ஒண்டும் இல்லாதவன்தான் கட்டாயம் பேசணும். ஒரு இஸ்பேடு எண்டு நீங்க சொல்லியிருக்கணும். எதிராளியின் துரும்பே கையில நிறைய இருக்கிறவனுக்குத்தான் அதில பாஸ் சொல்ல உரிமை இருக்கு."

எனக்கு அது ஏறவில்லை. பலமுள்ளவன் பேசுவது, பலமில்லாதவன் ஒதுங்குவது என்று வளர்ந்தவன் நான். இங்கே தலைகீழ். வகுப்பில் பிள்ளைகளிடம் கேள்வி கேட்கும்போது இப்போதும் அந்த இரவு நினைவுக்கு வரும். கையை உயர்த்துபவனை விட்டுவிட்டுப் பின்வாங்கில் தலையைக் குனிந்திருப்பவனைத்தான் கேட்பேன்.

2004 டிசம்பர் சுனாமியோடு எங்கள் ஆட்டம் முடிந்தது. எங்கள் ஊர் கடற்கரை ஊர். வீட்டின் முன்பக்கம் போய்விட்டது. உம்மாவும் நாங்களும் பள்ளிக்கூடக் கட்டடத்தில் இருந்தோம். மூன்றாம் நாள் காலையில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. பின்னால் அரை மூடை அரிசி, ஹாண்டிலில் தேங்காய்ப் பை. தோணியில் ஆற்றைக் கடந்து அத்தனை தூரம் மிதித்து வந்திருந்தான். நான் எதையும் கேட்டிருக்கவில்லை. உம்மா அவனை "மனே" என்று கூப்பிட்டுப் பிளேன்டீ கொடுத்தா.

2007 மார்ச்சில் படுவான்கரையில் சண்டை மூண்டு சனங்கள் ஆயிரக்கணக்கில் இடம்பெயர்ந்து வந்தார்கள். அந்த நாட்களில் ஒரு மாலை அவனிடமிருந்து தொலைபேசி. எங்கே இருக்கிறாய் என்று கேட்டேன். ஒரு முகாமின் பெயரைச் சொன்னான். பிறகு கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் மௌனம்.

"மச்சான், உங்கட ஊரில பள்ளிக்கூடமெல்லாம் ஒழுங்கா நடக்குதாம் என்ன?" என்றான்.

எனக்குச் சுரீர் என்றது. அந்தக் காலத்தில் இரண்டு சமூகமும் ஒன்றைப் பற்றி ஒன்று பேசிய பேச்சு அப்படி. உங்களுக்கென்ன, நீங்கள் நன்றாகத்தானே இருக்கிறீர்கள் என்று அவன் குத்திக்காட்டுவதாகத்தான் என் காதில் விழுந்தது. "எங்களுக்கும் பிரச்சின இல்லாம இல்ல" என்றேன். "ம்... சரி மச்சான்" என்றான். அதோடு வைத்துவிட்டோம். பிறகு அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

ஒன்பது வருடம் போனது. 2016இல் விடைத்தாள் திருத்தும் நிலையம் ஒன்றில், எனக்கு இரண்டு மேசை தள்ளி அவன் இருந்தான். தலை நரைத்திருந்தது. இடைவேளையில் வெளியே மரத்தடியில் தேநீர்க் கோப்பையோடு நின்றோம். சேர் காலமான செய்தியை அவன்தான் சொன்னான். பிள்ளைகள், இடமாற்றம், சம்பளம் என்று பேச்சு போனது. அவனுடைய அக்காவின் மகள் என்ன செய்கிறாள் என்று சும்மா கேட்டேன். வங்கியில் வேலை என்றான். "ஒரு வருசம் பிந்தித்தான் ஓ.எல். எடுத்தவள். அந்த வருசம் முகாமில இருந்து படிக்க ஏலாமப் போயிற்று. உங்கட பள்ளிக்கூடத்தில கொஞ்ச மாசம் சேர்க்கலாமோ எண்டு கேப்பம் எண்டுதான் அண்டைக்கு எடுத்தனான்."

குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. பிட்டு அவித்த கதையைச் சொல்வது போலச் சொன்னான். என்னிடம் அப்போது என்ன இருந்தது? நான் புதிய ஆசிரியன், அதிபரிடம் பேசும் தைரியம் குறைவு, பாதி வீட்டுக்குத் தகரம் அடித்திருந்தோம். ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசியிருப்பார்கள். அதிபர் முடியாது என்றுகூடச் சொல்லியிருக்கலாம். ஆனால் உம்மாவிடம் கேட்டிருந்தால் அவ அந்தப் பிள்ளைக்குப் பாய் விரித்திருப்பா. அது எனக்கு அன்றும் தெரியும்.

கோப்பையில் தேநீர் ஆறிப்போயிருந்தது.

"அத நேராக் கேட்டிருக்கலாமே மச்சான்" என்றேன்.

அவன் சிரித்தான். கலாசாலையில் சிரித்த அதே சிரிப்பு. "டபிள் சொன்னவன் விளக்கம் சொல்லக்கூடாதெண்டு சேர் சொன்னது மறந்து போச்சா? அதை ஜோடியல்லோ சொல்லணும்?"

மணி அடித்தது. அடுத்த கட்டு விடைத்தாள்களை எடுக்க இருவரும் உள்ளே போனோம். அன்று மாலை பஸ்ஸுக்கு நிற்கும்போது அவனுடைய புதிய இலக்கத்தை வாங்கிக்கொண்டேன்.