கணக்கில் வராத தண்ணீர்

கொழும்பு மாநகரின் குடிநீர் விநியோகத்தைச் சீரமைக்க 2012ஆம் ஆண்டில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் ஒரு திட்டம் வகுக்கப்பட்டபோது, நகருக்கு அனுப்பப்பட்ட நீரில் ஏறத்தாழப் பாதி வருமானக் கணக்கில் ஏறாமற் போய்க்கொண்டிருந்தது. மண்ணுக்கடியிற் கிடந்த வார்ப்பிரும்புக் குழாய்களுட் பல நூறாண்டைக் கடந்தவை.

புதைந்து கிடக்கும் கசிவைக் கண்டறிய வழி உண்டு. நகரைச் சிறு வட்டாரங்களாக வகுத்து, ஒவ்வொன்றின் வாயிலிலும் ஒரு நீர்மானி பொருத்துகிறார்கள். ஊர் உறங்கும் இரவு 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் அம்மானி விரைந்து சுழன்றால், எங்கோ குழாய் ஒழுகுகிறது என்பது பொருள். பின்னர் ஊழியர்கள் தெருத் தெருவாகச் சென்று, இரும்புக் கோலைக் குழாயின் மீது ஊன்றி, மறுமுனையிற் காதை வைத்துக் கேட்கிறார்கள். வீதியிற் பீறிட்டுப் பாயும் உடைப்பு அன்றே அடைக்கப்படுகிறது. எவர் கண்ணுக்கும் படாத சிறு கசிவுதான் ஆண்டுக்கணக்கில் ஓடி, அதிக நீரை விழுங்குகிறது.

மடுல்சீமைத் தோட்டமொன்றில் வளர்ந்த எனக்கு இந்த விஞ்ஞானத்தைவிட வேறொன்றே முதலிற் புரிந்தது. மலை ஊற்றிலிருந்து வந்த குழாய் துரையின் பங்களாவுக்கும் தொழிற்சாலைக்கும் போய், மிஞ்சியதே எங்கள் லயத்துப் பீலிக்கு வந்தது. ஒரு கோடையில் பீலி நூலாய் மெலிந்தது. கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் இருட்டிய பின்னும் குடங்களோடு காத்து நின்றார்கள். மலைச்சரிவில் எந்தப் பொருத்துவாய் ஒழுகுகிறது என்பது அவர்களுக்குத் தெரியும். கங்காணியிடம் பலமுறை சொல்லியும் இருந்தார்கள். ஆயினும், பங்களாவில் நீர் குறைந்த அன்றுதான் குழாயைச் செப்பனிட ஆள் வந்தது. கசிவு அறியப்படாததால் மட்டும் நீடிப்பதில்லை. யாருடைய குடம் காலியாகிறது என்பதைப் பொறுத்தும் நீடிக்கிறது.

நகரத்துக் கணக்கிலும் இதே நியாயமே மறைந்திருக்கிறது. வருமானம் தராத நீர் முழுவதும் கசிவன்று. திருட்டு இணைப்புகளும் பழுதுற்ற மானிகளும் அதில் அடங்கும். கொழும்பின் சேரித் தோட்டங்களில் ஏழைகள் கட்டணமின்றிப் பிடித்த பொதுக்குழாய் நீரும் அதில் அடங்கியது. மண் குடித்த நீரும் மனிதன் குடித்த நீரும் ஒரே பத்தியில் நட்டமாக எழுதப்பட்டன. பழைய குழாயை மாற்றினாலும் இந்த எண் குறையும். பொதுக்குழாயை மூடினாலும் குறையும். முன்னது செலவு மிக்கது. பின்னதற்கு ஒரு திருகு போதும்.

ஆகவே, நட்டம் எவ்வளவு குறைந்தது என்பதோடு நாம் நின்றுவிடலாகாது. எந்தக் குழாய் அடைக்கப்பட்டது, அதன்பின் எந்த வீட்டுக்கு நீர் சேர்ந்தது என்றும் கேட்க வேண்டும். மீட்கப்பட்ட நீரின் முதற்பங்கு வரிசையின் கடைசியில் நிற்பவருக்குச் சேரும்போதுதான் விரயம் குறைந்ததென்று சொல்ல முடியும்.