சக்கையும் செல்வமும்

எல்லவில் தமிழ் கற்பிக்கும் என்னிடம், விஞ்ஞானப் புத்தகத்தில் வரும் 'நொதியம்' என்ற சொல்லுக்குப் பொருள் கேட்டு மாணவர் வருவதுண்டு. அவர்களுடைய பெற்றோர் அன்றாடம் நொதியத்தோடுதான் வேலை செய்கின்றனர் என்றால் வியப்படைவர். வாட்டி உருட்டிய கொழுந்து தொழிற்சாலையில் செம்பு நிறம் கொள்வது, இலையிலுள்ள நொதியம் காற்றோடு கூடிச் செய்யும் வேலையே.

இலையில் மட்டுமன்று, நாம் ஒதுக்கும் வைக்கோலிலும் சக்கையிலுங்கூட நொதியத் தொழிலுக்கு வழியுண்டு. இவற்றை உண்டு வாழும் பூஞ்சணங்கள், நாரைக் கரைக்கும் செலுலேசு என்னும் நொதியத்தை வெளியே சுரந்து, கரைந்ததை உறிஞ்சுகின்றன. ஆனால், இலிக்னின் என்ற பொருள் அந்நாரைச் சுவர்போல் சூழ்ந்து நிற்கிறது. எரிசோடாக் கரைசலிலோ நீராவியிலோ பதப்படுத்தினால் சுவர் நெகிழும், நார் பூஞ்சணத்துக்கு எட்டும், சுரப்பும் பெருகும். அதற்கே நிறையச் சர்க்கரையை ஊட்டினால் சுரப்பு அடங்கிவிடும். எளிதாக உணவு கிடைத்தபின் நாரோடு மல்லுக்கட்டுவானேன்?

இரண்டாம் உலகப் போரின்போது சொலமன் தீவுகளில் அமெரிக்கப் படையினரின் பருத்திக் கூடாரங்களை இற்றுப்போகச் செய்த பூஞ்சணமே பின்னர் இத்தொழிலில் பேர் பெற்றது. செலுலேசு இன்று ஜீன்ஸ் துணியை மென்மையாக்கவும் சலவைத் தூளிலும் பயன்படுகிறது.

ஊவாவில் மூலப்பொருளுக்குப் பஞ்சமில்லை. வெலிமடை வயல்களில் வைக்கோல் உண்டு. பெல்வத்தைச் சீனி ஆலையில் கரும்புச் சக்கை உண்டு. மாட்டுக்கும் மண்ணுக்கும் கொதிகலனுக்கும் போக எஞ்சுவதையே நான் குறிப்பிடுகிறேன்.

இத்தொழில் வந்தால் பயன் யாருக்கு? 1867இல் வணிகப் பயிராக இம்மலைநாட்டில் வேரூன்றிய தேயிலை உலகெங்கும் பெயர் பெற்றது. பறித்தவர் பெற்ற பங்கு எவ்வளவென்பதை லயத்துக் காம்பிராக்களைப் பார்த்தாலே தெரியும். புதிய தொழிலிலும் நம்மவர் சக்கை சுமக்கும் கூலிகளாகவே நிற்பதானால், விஞ்ஞானம் வளர்ந்து அவர்களுக்கு ஆவதென்ன?

நாட்டின் வளங்களுக்குப் பெறுமதி சேர்க்கும் நோக்கோடு 2005இல் பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. ஆனால் உயர்தர விஞ்ஞானப் பிரிவுள்ள தோட்டப் பாடசாலைகளோ மிகச் சில. ஆய்வுகூடமும் ஆசிரியரும் அங்கே வந்தாலன்றி, லயத்துப் பிள்ளை அப்பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானக் கூடத்துள் மாணவனாக நுழைவது எங்ஙனம்? சக்கையைப் பொருளாக்கும் அறிவு, அதைச் சுமப்போரின் பிள்ளைகளுக்கும் உரியதாக வேண்டும். நொதியத் தொழில் பற்றிய பேச்சு அங்கிருந்தே தொடங்கட்டும்.