பரணையும் திறந்து காட்டுங்கள்

பெங்களூர் கக்கதாசபுராவில் லிஃப்ட் இல்லாத கட்டடம், மூன்றாவது மாடி. கீழே தெருவில் ஓர் ஐச்சர் வண்டி நின்றால் எதிரே ஆட்டோ நுழைய முடியாது. அந்த வீட்டைக் காலி செய்து ஓசூருக்கு ஏற்றிப்போக வந்த பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் ஆட்களோடு நானும் ஒட்டிக்கொண்டேன். மேஸ்திரி கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர், பெங்களூருக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. கூட நாலு பையன்கள். இரண்டு பேர் அஸ்ஸாம், ஒருவர் ஒடிசா, ஒருவர் ராய்ச்சூர். நான் நோட்டை எடுத்ததும் மேஸ்திரி சிரித்தார். "வேலையைப் பாக்க இன்னைக்கு வந்திருக்கீங்க சார். பாதி வேலை போன வாரமே முடிஞ்சுபோச்சு" என்றார்.

அவர் சொன்னது சர்வேயை. அது அரைமணி நேரச் சமாச்சாரம்தான். ஆள் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்து ஒரு தொகையைச் சொல்லிவிட்டுப் போவார் என்றுதான் நாம் நினைக்கிறோம். விவரமான மேஸ்திரி ஒவ்வொன்றையும் திறக்கச் சொல்லிப் பார்க்கிறார். கட்டிலுக்கு அடியில் உள்ள பெட்டி, பரண், பால்கனி மூலை, வாசலுக்கு வெளியே இருக்கிற செருப்பு ஸ்டாண்டு. படியிறங்கும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரில் சாண் போட்டு அளக்கிறார், பீரோ திரும்புமா என்று. போகிற இடத்தைப் பற்றிக் கேள்விகள் இன்னும் அதிகம். சர்வீஸ் லிஃப்ட் உண்டா, எத்தனை மணிவரை விடுவார்கள், ஞாயிற்றுக்கிழமை அனுமதி உண்டா, அசோசியேஷனுக்குக் கட்ட வேண்டிய ஷிஃப்டிங் பணம் யார் பொறுப்பு.

இப்போது நிறையப் பேர் வாட்ஸப்பில் நாலு படம் அனுப்பி ரேட் கேட்கிறார்கள். படத்தில் பரண் வராது. ரேட் குறையட்டும் என்று வேண்டுமென்றே மறைப்பவர்களும் உண்டு. கம்பெனி அந்தக் கணக்கை நம்பி, 14 அடி வண்டி தேவைப்படுகிற வீட்டுக்குக் குட்டி யானையை அனுப்பும். நாலு ஆள் வேலைக்கு இரண்டு ஆள் வருவார்கள். மறைத்த சாமானின் கனத்தை வீட்டுக்காரரும் சுமக்கப்போவதில்லை, கம்பெனி முதலாளியும் சுமக்கப்போவதில்லை. அன்றைக்கு நாள்கூலிக்கு வந்த அந்த இரண்டு பேர்தான் சுமக்கிறார்கள். பேரம் பேசுவதில் கெட்டிக்காரத்தனம் காட்டும் நம் ஆட்கள் இதை ஒருநிமிஷம் யோசிப்பதில்லை என்பது என் வருத்தம்.

இந்த வீட்டில் அடுக்களையிலிருந்து தொடங்கினார்கள். எந்த வீட்டிலும் நேரத்தை அதிகம் தின்பது அதுதான். அஸ்ஸாம் பையன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பீங்கான் தட்டு ஒவ்வொன்றையும் செய்தித்தாளின் மூலையில் வைத்து உருட்டிச் சுற்றினார். பெட்டியின் அடியில் கசக்கிய தாள்களைப் பரப்பி, தட்டுகளைப் படுக்க வைக்காமல் விளிம்பு கீழே இருக்கும்படி வரிசையாக நிறுத்தினார். படுக்க வைத்தால் மேலே உள்ள அத்தனை தட்டின் கனமும் அடித்தட்டின் தலையில்தான் விழும். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கினால் போதும், பெங்களூரில் பள்ளத்துக்குப் பஞ்சமா என்ன! மூடிய பெட்டியைக் காதோரம் தூக்கி லேசாக ஆட்டிப் பார்த்தார். உள்ளே ஏதோ சத்தம் கேட்டது. திறந்து, இன்னும் இரண்டு தாளைக் கசக்கி இடுக்கில் செருகி, மறுபடி ஆட்டினார். இப்போது சத்தமில்லை. பிரவுன் டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தார். கட்டர் இடுப்பிலேயே இருக்கிறதே என்றேன். எடுத்து வைக்கிற நேரத்தில் இன்னொரு பெட்டி ஒட்டிவிடலாமாம்.

கிரைண்டருக்கு மேஸ்திரி தானே வந்தார். புதிதாகச் சேர்கிற வடக்கத்திப் பையன்களுக்கு இந்தச் சாமான் புரியாது, அப்படியே தூக்கி வண்டியில் வைத்துவிடுவார்கள். கல் உருளைகள் உள்ளேயே இருந்தால் அத்திப்பள்ளி போவதற்குள் டிரம்மை அடித்து நசுக்கிவிடும். உருளைகளை வெளியே எடுத்து, பழைய லுங்கியில் சுற்றித் தனிப்பெட்டியில் வைத்தார். டிரம் வேறாக, மோட்டார்ப் பகுதி வேறாகப் போயின. முந்தின நாளே மாவாட்டுவதை நிறுத்திக் கழுவிக் காயவைத்திருந்ததால் வீட்டம்மாவுக்கு ஒரு பாராட்டும் கிடைத்தது. குத்துவிளக்குகளும் அப்படித்தான். திருகைக் கழற்றி, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து வைத்திருந்தார்கள். துடைக்காத விளக்கு பக்கத்திலிருக்கும் புடவைகளை என்ன பாடு படுத்தும் என்று மேஸ்திரி ஒரு பழைய கதை சொன்னார். கேட்டுக்கொண்டே வீட்டம்மா பட்டுப்புடவைப் பெட்டியைத் தன் காரில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

இந்த வீட்டில் நன்றாகவே தயாராகியிருந்தார்கள். ஃப்ரிட்ஜை முந்தின நாள் அணைத்து, பின்பக்கத் தட்டிலிருந்த தண்ணீரைக் கூடக் கொட்டியிருந்தார்கள். புத்தகங்களைச் சின்னப் பெட்டிகளில் போட்டிருந்தார்கள். பெரிய பெட்டி நிறையப் புத்தகம் போட்டால் அடி பிளந்துகொள்ளும், தலையணைதான் பெரிய பெட்டிக்கு. நகை, பத்திரம், மாத்திரை, சார்ஜர் எல்லாம் கைப்பையில் இருந்தன. கேஸ் சிலிண்டரை எந்தக் குழுவும் வண்டியில் ஏற்றக் கூடாது. ஏஜென்சியில் ஒப்படைத்து, டெபாசிட்டைத் திரும்ப வாங்கி, ஓசூரில் புது இணைப்புக்கான சீட்டும் கையில் வைத்திருந்தார்கள். கர்நாடகத்தின் 200 யூனிட் வரைக்குமான கிருஹ ஜோதி இலவச மின்சாரத்துக்கு ஆதாரைக் கொடுத்திருந்ததால், அதையும் அந்த மீட்டரிலிருந்து விலக்கியாயிற்று. அடுத்து வருகிற குடித்தனக்காரர் அலைய வேண்டாமே.

மேஸ்திரியை உண்மையிலேயே மகிழ்வித்தது ஒரு பிளாஸ்டிக் கவர். முன்பக்கம் கதவு வைத்த வாஷிங் மெஷின் வாங்கும்போது, உள்ளே இருக்கும் டிரம் ஆடாமல் பிடித்துக்கொள்ள நீளமான போல்ட்டுகள் வைத்திருப்பார்கள். வீட்டில் பொருத்தும்போது கழற்றிக் கையில் கொடுப்பார்கள். பெரும்பாலான வீடுகளில் அவை பழைய இரும்போடு போய்விடும். இங்கே பில்லோடு சேர்த்துக் கவரில் கட்டி வைத்திருந்தார்கள். போல்ட் மாட்டாமல் ஏற்றினால் டிரம் குதித்துச் சஸ்பென்ஷன் போய்விடும்.

அந்த மெஷினை இறக்குவதைப் பார்க்க நான் படியில் நின்றேன். சுழலும்போது ஆடாமலிருக்க உள்ளே கான்கிரீட் கட்டி வைத்திருக்கிறார்கள், மொத்தம் 60–70 கிலோ வரும். ஒரு ஆண் தொழிலாளி தூக்கும் சுமை 55 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-இலேயே பரிந்துரைத்தது. இங்கே இரண்டு பேர் பிடிக்கிறார்கள், ஆளுக்குப் பாதி என்று கணக்குச் சொல்லலாம். படியில் அந்தக் கணக்கு செல்லாது. கீழ்ப்படியில் நிற்பவர்மேல்தான் கனம் சாயும், அவருக்குக் கால் வைக்கிற இடமும் தெரியாது. அதனால் அந்த இடத்தில் அனுபவசாலிதான் நிற்பார். ஒடிசாக்காரர் வெறுங்காலோடு பின்பக்கமாகவே இறங்கினார். மேலே இருந்த ராய்ச்சூர்ப் பையன் ஒவ்வொரு படியையும் எண்ணிச் சொன்னார். திருப்பம் வந்தபோது இருவரும் பேசவில்லை. மெஷின் ஒரு சுற்றுத் திரும்பி, சுவரைத் தொடாமல் போனது.

டீ இடைவேளையில் பேச்சு தேதிகளுக்குத் திரும்பியது. இந்த ஊரில் வாடகை ஒப்பந்தம் 11 மாதம்தான். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி ஒரு வருஷத்தைத் தாண்டும் குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும், அந்தச் செலவைத் தவிர்க்கத்தான் இந்தப் பதினொன்று. ஆக வருஷா வருஷம் யாராவது கிளம்பிக்கொண்டே இருக்கிறார்கள், அதுவும் மாதக் கடைசியில் எல்லாரும் ஒன்றாக. வண்டியும் கிடைக்காது, ரேட்டும் ஏறும். இதோடு பஞ்சாங்கமும் சேர்ந்துகொள்கிறது. கன்னடக்காரர்களுக்கு ஆஷாட மாதத்தில் வீடு மாறக் கூடாது. அது சந்திர மாதம், பெரும்பாலும் ஜூன் பிற்பகுதியிலோ ஜூலை முற்பகுதியிலோ வந்துவிடும். நமக்கு ஆடி ஜூலை நடுவில் பிறந்து ஆகஸ்ட் நடுவரை. 2025-இல் ஜூன் 26-ஆம் தேதி ஆஷாடம் தொடங்கியது, ஆடி முடிய ஆகஸ்ட் நடு ஆகிவிட்டது. வீட்டு ஓனர் கன்னடக்காரர், குடித்தனக்காரர் தமிழர் என்றால் ஏறக்குறைய ஏழு வாரம் போச்சு. அந்த நாட்களில் பையன்கள் ஊருக்குப் போய்விடுவார்களாம். விவரம் தெரிந்த சிலர் முன்கூட்டியே ஒரு நல்ல நாளில் புது வீட்டில் பாலை மட்டும் காய்ச்சிவிட்டு, சாமானை மாத நடுவில் சாவகாசமாக ஏற்றுகிறார்கள். இந்தக் குடும்பமும் அப்படித்தான் செய்திருந்தது. மேஸ்திரிக்கு இப்படிப்பட்டவர்களை ரொம்பப் பிடிக்கும்.

காகித வேலை சுருக்கமாக முடிந்தது. பயன்படுத்திய வீட்டுச் சாமானுக்கு மாநிலம் தாண்டினாலும் ஜிஎஸ்டி இ-வே பில் தேவையில்லை. ஆனாலும் சாமான் பட்டியல் ஒன்று டிரைவர் கையில் இருக்கும். கர்நாடகப் பதிவெண் கொண்ட ஸ்கூட்டரை 12 மாதத்துக்கு மேல் தமிழ்நாட்டில் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும். 2007-ஆம் ஆண்டுச் சாலைச் சரக்குச் சட்டப்படி, பொருள் சேதமானாலோ தொலைந்தாலோ வழக்குப் போட வேண்டுமென்றால் புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். ரசீதில் இன்ஷூரன்ஸ் என்று ஒரு வரி இருந்தால் மட்டும் போதாது, பாலிசி எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

பெட்டிகள்மேல் எண் மட்டும்தான் எழுதுகிறார்கள். அஸ்ஸாமியம், ஒடியா, கன்னடம், தமிழ் என்று ஆளுக்கொரு எழுத்து, எண் மட்டும் எல்லோருக்கும் பொது. எந்த எண்ணில் என்ன, எந்த அறை என்பது மேஸ்திரியின் பட்டியலில். 62-ஆவது பெட்டியோடு பட்டியல் முடிந்து, மழை வரும்போல இருக்கிறதென்று தார்ப்பாயை இழுத்துக் கட்டப்போன நேரத்தில் வீட்டம்மா பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"அண்ணா, இந்தத் தொட்டிங்களையும் ஓரமா வெச்சுடுங்களேன்."

பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருந்த பூந்தொட்டிகள் அவை. கடைசி நேரத்தில் மனசு வரவில்லை. மண்ணோடு பதினாலு தொட்டி, மூன்று மாடி. பையன்கள் மேஸ்திரியின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் சண்டை போடவில்லை. பட்டியலை விரித்து 63 முதல் 76 வரை எண் போட்டு, "பூந்தொட்டி, மண்ணுடன்" என்று எழுதி, வீட்டுக்காரரிடம் பேனாவை நீட்டினார்.

"தொட்டிக்கு எதுக்குங்க கையெழுத்து?"

"தொட்டிக்கு இல்ல சார், பசங்களுக்கு. எழுத்துல இருந்தாத்தான் ஆபீஸ்ல கூடுதல் கூலி கேக்க முடியும்."

வீட்டுக்காரர் கொஞ்சம் யோசித்து, ஆபீஸெல்லாம் எதற்கு, நானே தருகிறேன் என்று 300 ரூபாய் எடுத்தார்.

"நாலு பேர் சார்" என்றார் மேஸ்திரி. "நானூறாக் குடுங்க, பிரிக்கச் சுலபம்."