ஜீப்பை உயர்த்த இருக்கும் தம்பிமாருக்கு



"என்ன சேர், உயரமா அழகாத்தானே இருந்தது, ஏன் இறக்கினீங்க?" இறம்பொடை டவுனில் எங்கட லேண்ட் ரோவரைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். ஆளுக்காள் விளக்கம் சொல்லிக் களைத்துவிட்டோம். அதனால் இங்கே எழுதுகிறோம்.

நாங்கள் நாலு ஆசிரியர்கள் சேர்ந்து வாங்கிய பழைய வண்டி அது. சீரிஸ் 3, 88 அங்குலக் குட்டை. மேல் டிவிஷன் பாதையில் கல் கிளம்பிக் கிடப்பதால் வயிறு தட்டுகிறது என்று நீளமான ஷெக்கல் போட்டு 2 அங்குலம் உயர்த்தினோம். 6.00-16 டயரைக் கழற்றி 7.50-16 ஏற்றினோம். போட்டோவும் போட்டோம், உங்களில் பலர் லைக் போட்டீர்கள்.

அடுத்த வாரமே கீழிருந்து ஒரு அதிர்வு. டயர் பெலன்ஸ் என்று நினைத்து அப்படியே ஓடினோம். அதுதான் எங்கட பிழை.

ஒரு நாள் மாலை, பின்னால் ஆறு பிள்ளைகள். தார் போட்ட ஏற்றத்தில் ஒரு பிள்ளையை இறக்க நிறுத்தப் போகும்போது 'டங்' என்று சத்தம். பின் புரொப்பெலர் ஷாஃப்டின் ஜொயின்ட் உடைந்து, ஷாஃப்ட் கீழே தொங்கியது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தோம். வண்டி பின்னால் உருண்டது!

இந்த வண்டியில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. ட்ரான்ஸ்ஃபர் பெட்டியின் பின்பக்கம், ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. ஷாஃப்ட் போனால் அந்தப் பிரேக் வெறும் டிரம்மைத்தான் பிடிக்கும். மஞ்சள் குமிழை அழுத்தி நாலு சக்கரமும் போட்டிருந்தால் முன் ஷாஃப்டாவது பிடித்திருக்கும். தார் ரோடுதானே என்று போடவில்லை. கால் பிரேக்கை மிதித்தபடியே பிள்ளைகளை இறக்கி, சக்கரத்துக்குக் கல் வைத்தோம். அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் கால் நடுக்கம் நிற்கவில்லை.

பிறகு கராஜ் நானா காட்டித் தந்தார். செசியும் கியர்பெட்டியும் மேலே போகின்றன, அக்சல் கீழேயே நிற்கிறது. குட்டை வண்டியில் பின் ஷாஃப்டும் குட்டை என்பதால் 2 அங்குலமே பெரிய சரிவு. ஷாஃப்டின் இரு முனையிலும் கோணம் சமமாக இருந்தால்தான் ஒரு ஜொயின்டின் ஆட்டத்தை மற்றது சரிக்கட்டும். நீள ஷெக்கல் அக்சலின் மூக்கை மேலே திருப்பிவிட்டதால் அந்தச் சமம் போய்விட்டது. அதிர்வு வந்தது அதனால்தான், டயரால் இல்லை.

டயர் வேறு கதை. 28 அங்குலம் கிட்டத்தட்ட 32 ஆனதும், 4.7 அக்சல் கியர் 4.2 போல வேலை செய்யும். ஏற்றத்தில் திணறும், மீட்டர் 40 காட்டும்போது உண்மையில் 45க்கு மேல் ஓடும், பிரேக்குக்கும் சுமை கூடும். பெரிய டயர் இழுவைக்கு நல்லது என்று நாங்களும்தான் பிள்ளைகளுக்குச் சொன்னோம்!

உயர்த்தியே ஆக வேண்டும் என்றால் இரு முனைக் கோணத்தையும் அளக்கச் சொல்லுங்கள். ஸ்பிரிங்குக்கும் அக்சலுக்கும் இடையில் இரும்பு ஆப்பு வைத்துக் கோணத்தைத் திருத்தலாம். ஷாஃப்டின் நழுவும் பகுதி எவ்வளவு வெளியே வந்திருக்கிறது, அக்சலுக்குப் போகும் பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்றும் பாருங்கள். அதிர்வு வந்தால் அன்றைக்கே நிறுத்துங்கள்.

நாங்கள் பழைய ஷெக்கலையும் பழைய அளவு டயரையும் திரும்பப் போட்டு, ஜொயின்ட் இரண்டையும் மாற்றிவிட்டோம். வயிறு தட்டும் இடத்தில் இறங்கிக் கல்லைப் புரட்டிவிட்டுப் போகிறோம், பிள்ளைகளும் கை கொடுக்கிறார்கள். அந்த நீள ஷெக்கல்கள் வராந்தாவில் கிடக்கின்றன. இரண்டு பேர் விலைக்குக் கேட்டார்கள். கொடுக்கவில்லை.