மைனஸ் 18

திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் எனக்கு நைட் ஷிஃப்ட். ரீஃபர் பெட்டிகளின் குளிரைக் குறித்து வைப்பதுதான் வேலை. உறைய வைத்த இறால், மீன் எல்லாம் அதில்தான் கப்பலுக்குப் போகும். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை டார்ச்சும் எழுத்து அட்டையுமாக வரிசை வரிசையாக நடக்க வேண்டும். ஒவ்வொரு பெட்டியின் சின்னத் திரையிலும் -18 காட்டுகிறதா என்று பார்த்து எழுத வேண்டும். மே மாதத்து ராத்திரியில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கும். எதிரே இரும்புச் சுவருக்கு அந்தப்பக்கம் மைனஸ் 18.

சரக்கு ஏற்றிய பெட்டிக்கு சீல் இருக்கும், திறக்க முடியாது. காலிப் பெட்டியைச் சோதனைக்கு ஓடவிட்டால் திறக்கலாம். கதவைத் திறந்ததும் குளிர் வெள்ளைப் புகையாகக் காலில் வந்து விழும். யாரும் பார்க்காத நேரத்தில் நான் உள்ளே போய் ஒரு நிமிஷம் நிற்பேன். கண்ணை மூடிக்கொள்வேன். அந்த ஒரு நிமிஷம் நான் யூகானில் இருப்பேன்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள். ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு, கனடாவின் வடகோடியில் பனிக்காட்டுக்குள் மரவீடு கட்டி, பொறி வைத்து மிருகம் பிடித்துப் பிழைக்க வேண்டும் என்பது ஆசை. கேட்கிற எனக்கே சில நேரம் சிரிப்பு வரும்.

ஆரம்பித்து வைத்தது ஒரு புத்தகம். பத்தாவது லீவில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஜாக் லண்டனின் 'கானகத்தின் குரல்', பெ. தூரன் மொழிபெயர்ப்பு. நாய்தான் கதாநாயகன். எனக்கு நாயைவிட அந்தப் பனி பிடித்துப்போனது. பிறகு போன் வந்தது, யூட்யூப் வந்தது. தாடி வைத்த ஒரு ஆள் தனியாக மரம் வெட்டுவான், தனியாக அடுப்பு மூட்டுவான், விடிந்ததும் பனிச்செருப்பு மாட்டிக்கொண்டு பொறிகளைப் பார்க்கப் போவான். அரைமணி நேர வீடியோவில் ஒரு வார்த்தை பேசமாட்டான். அப்படி நூற்றுக்கணக்கில் பார்த்தேன். மார்ட்டெனுக்கு மரத்தில் சாய்த்த கம்பத்தின்மேல் பொறி வைப்பார்கள், பீவருக்கு ஏரிப் பனியைத் துளைத்து அடியில் இறக்குவார்கள், பருத்தித் துணி ஈரமானால் அங்கே ஆளைக் கொன்றுவிடும். எல்லாம் எனக்குத் தெரியும். எங்கள் தெரு முனையில் சங்கரா மீன் என்ன விலை என்று கேட்டால் தெரியாது.

இப்போது யோசித்தால் காரணம் புரிகிறது. எங்கள் வீடு ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு. ஐந்து பேர். நான் பகலில் தூங்க வேண்டியவன். தலைமாட்டில் டிவி, கால்மாட்டில் தங்கச்சியின் தையல் மெஷின், வெளியே துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்களின் ஹாரன். அழ வேண்டும் என்றால்கூட பாத்ரூம் காலியாகும்வரை காத்திருக்க வேண்டும். அந்த வீடியோக்களில் என்னைப் பிடித்து இழுத்தது மிருகமோ பனியோ இல்லை. சாயங்காலம் அந்த ஆள் உள்ளே வந்து கதவைச் சாத்துகிற சத்தம்தான். அதற்கப்புறம் யாரும் வரமாட்டார்கள்.

அந்தச் சத்தத்துக்கு நான் கொடுத்த விலை 1,80,000 ரூபாய். கனடாவில் மரம் வெட்டும் முகாமில் வேலை என்றார் ஒரு ஏஜென்ட். ரெண்டு வருஷம் அங்கே இருந்துவிட்டால் அப்புறம் பொறி வைக்கிற லைசென்ஸ் வாங்கிவிடலாம் என்று நானாகவே கணக்குப் போட்டுக்கொண்டேன். என் சேமிப்பு பாதி. மீதி அம்மாவின் செயின். ஏழு மாதம் "ஃபைல் மூவ் ஆயிட்டிருக்கு தம்பி" என்றார்கள். எட்டாவது மாதம் போனால் ஆபீஸ் இருந்த இடத்தில் மொபைல் கடை இருந்தது. அம்மா திட்டவில்லை. கழுத்தில் மஞ்சள் கயிற்றைச் சரி செய்துகொண்டு, "சாப்ட்டியா?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருக்கலாம்.

விஷயம் எண்ணூர் காட்டுக்குப்பத்தில் இருக்கும் மாமா காதுக்குப் போனது. அம்மாவின் தம்பி. ஆற்றில் நண்டு பிடிக்கிறவர். போன் செய்தார்.

"மாப்ள, கனடா போயி இன்னா புடிக்கலாம்னு இருந்த?"

"மார்ட்டென்னு ஒண்ணு மாமா. கீரிப்புள்ள மாதிரி இருக்கும்."

"துன்னலாமா?"

"இல்ல மாமா. தோலு."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "தோலுக்காவா செயின வெச்ச?" என்றார். அப்புறம், "ஞாயித்துக்கெழம வா. பொறி வெக்கணும் அவ்ளோதான? இங்க வந்து வை."

போனேன். விடிய ரெண்டு மணி நேரம் இருக்கும்போது கிளம்பினோம். இரும்பு வளையத்தில் வலை கட்டி, நடுவில் மீன்தலையைக் கோத்து வைத்திருந்தார். நாற்பது வளையம். கொசஸ்தலை ஆறு கடலில் சேருவதற்கு முன்னால் விரிந்து கிடக்கிற இடம் அது. ஒருபக்கம் அலையாத்திச் செடிகள், மறுபக்கம் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள், தூரத்தில் துறைமுக விளக்குகள். நான் போனில் பார்த்த காடு மாதிரி எதுவும் இல்லை. ஆனால் மாமா ஒவ்வொரு வளையத்தையும் இறக்கிய விதம் எனக்குத் தெரிந்த விதம்தான். தண்ணி எந்தப்பக்கம் ஏறுகிறது, நண்டு எந்த மேட்டிலிருந்து எந்தப் பள்ளத்துக்கு இறங்கும், நேற்று இங்கே வந்ததா, ஏன் வரவில்லை. யூகான்காரன் பனியில் கால்தடம் படிப்பதை இவர் சேற்றில் படித்தார்.

முதல் சுற்றில் ஏழு பச்சை நண்டு. மாமா ஒவ்வொன்றையும் மல்லாத்தி வயிற்று ஓட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். அமுங்கினால் அது தண்ணி நண்டு. ஓடு கழற்றிப் புதிதாகப் போட்டிருக்கும், உள்ளே சதை இருக்காது. திரும்பத் தண்ணிக்குள் போட்டுவிடுவார். வெளியே முட்டை கட்டிய பெட்டையையும் போட்டுவிடுவார். "இப்ப வுட்டா தான அப்பால வரும்" என்றார். நல்லதைக் காலால் லேசாக மிதித்துக்கொண்டு கொடுக்கைக் கயிற்றில் கட்டினார். நான் கட்டப்போய், ஒரு நண்டு என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டது. தழும்பு இன்னும் இருக்கிறது. உயிரோடு ஏரோப்ளேன் ஏறி சிங்கப்பூர் போகிற நண்டு அது. என்னைவிட அதற்கு விசா சீக்கிரம் கிடைக்கும் என்று மாமா சிரித்தார்.

விடிந்தபோது தண்ணீருக்குள் சிலர் உட்கார்ந்தபடி நகர்ந்துகொண்டிருந்தார்கள். கழுத்தளவு தண்ணி. இருளர் பெண்கள். வலை இல்லை, படகு இல்லை. சேற்றைக் கையால் தடவித் தடவி இறாலைப் பிடித்து ஓலைப் பறியில் போடுகிறார்கள். கண்ணுக்கு எதுவும் தெரியாது, விரல்தான் பார்க்கும். "நாங்கல்லாம் சும்மா, இவுங்கதான் ஒரிஜினல்" என்றார் மாமா.

வீட்டுக்கு வந்ததும் இருளர்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். தோலுக்காகப் பிடிக்கிற வேலை எங்கோ வடதுருவத்தில்தான் இருந்தது என்று நினைத்திருந்தேன். அது இங்கேயே இருந்திருக்கிறது. செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் பாம்பு பிடித்தது பெரும்பாலும் தோல் வியாபாரிகளுக்காக. 1972இல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்தது, அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே பாம்புத் தோல் ஏற்றுமதியும் நின்றது. பாம்புகளுக்கு நல்லதுதான். ஆனால் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த தொழில் ஒரு கையெழுத்தில் குற்றமாகிவிட்டது. ரோமுலஸ் விட்டேகர் போன்றவர்கள் துணைநிற்க, 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. வடநெம்மேலியில் இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் பிடித்து வந்து, பானையில் வைத்து, சில வாரம் விஷம் எடுத்துவிட்டுத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். விஷமுறிவு மருந்து அந்த விஷத்திலிருந்துதான் வருகிறது. 2017இல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இருவரை அமெரிக்காவே ஃபுளோரிடாவுக்குக் கூப்பிட்டது. அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்பைப் பிடிக்க. ரெண்டு வாரத்துக்குள் 13 பிடித்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ.

வடக்கிலும் இதே மாதிரி நடந்திருக்கிறது. 1983இல் ஐரோப்பிய நாடுகள் சீல் குட்டித் தோலுக்குத் தடை போட்டன. இனுயிட் மக்கள் பிடித்தது பெரும்பாலும் வளர்ந்த சீல்களை, அதுவும் முதலில் சோற்றுக்காக. ஆனால் சந்தையே விழுந்ததில் அவர்களும் சேர்ந்து விழுந்தார்கள். தூரத்து ஊரில் யாரோ இரக்கப்பட்டதற்கு இவர்கள் அடுப்பு அணைந்தது.

இன்னொன்றும் தெரிந்தது. 1639இல் ஒரு லண்டன் கம்பெனி இங்கே மணல்மேட்டில் இடம் வாங்கிக் கோட்டை கட்டியது. 1670இல் இன்னொரு லண்டன் கம்பெனிக்கு வடக்கே ஹட்சன் விரிகுடாவைச் சுற்றிய காட்டையெல்லாம் ராஜா எழுதிக் கொடுத்தார். கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே நெசவாளர்களிடம் துணி வாங்கியது. ஹட்சன் பே கம்பெனி அங்கே பழங்குடிகளிடம் பீவர் தோல் வாங்கியது, லண்டன் கனவான்களின் தொப்பிக்காக. பொறி வைத்தது பெரும்பாலும் அந்த ஊர்க்காரர்கள். அவர்கள் தனியாகவும் இல்லை. குடும்பம் குடும்பமாக இருந்தார்கள், இந்த ஓடை யாருக்கு, அந்த ஏரி யாருக்கு என்று அவர்களுக்குள் முறை இருந்தது. பின்னால் 1920களில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பொறி வைக்கிற பாதைகளை அரசாங்கம் பதிவேட்டில் ஏற்றியபோது, தாத்தா காலத்து இடத்துக்கே விண்ணப்பம் போடவேண்டி வந்தது. சிலர் அதை வெளியாட்களிடம் இழந்தார்கள். நான் வீடியோவில் பார்த்த ஆளில்லாக் காடு, ஆள் இருந்த காடு.

பழவேற்காட்டு ஏரியில் இதற்குப் 'பாடு' என்று பெயர். எந்த இடத்தில் யார் எந்த நாள் வலை போடுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். நல்ல இடம் ஒருத்தனுக்கே போகக்கூடாது. மாமாவிடம் ஹட்சன் பே கதையைச் சொன்னபோது அவருக்கு ஆச்சரியமே இல்லை. "மொறை இல்லாம எவன் தொழில் பண்ணுவான்? ஒண்டியா போறவன் திரும்பி வந்தா சொல்றதுக்கு ஆளு வேணாவா?"

ஒண்டியாகப் போனவர்களின் கதை எனக்குத் தெரியும். கிறிஸ்டோபர் மெக்கான்ட்லெஸ் 1992இல் அலாஸ்காவில் ஒரு பழைய பஸ்ஸுக்குள் செத்துக் கிடந்தான். 2007இல் வந்த படத்தை நான் நாலு தடவை பார்த்திருக்கிறேன். அவனைத் தேடிப் போகிறவர்கள் ஆற்றில் மாட்டிக்கொண்டே இருந்ததால், 2020இல் அந்த பஸ்ஸையே ஹெலிகாப்டரில் தூக்கிவிட்டார்கள். ஜாக் லண்டனும் 1897இல் போனவர்தான். ஒரு குளிர்காலம் தாங்கினார். ஈறு வீங்கி, நோயோடு அடுத்த வருஷம் திரும்பினார். தங்கம் கிடைக்கவில்லை. கதை கிடைத்தது. அவருக்குத் திரும்பி வர ஒரு ஊர் இருந்தது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு ஆற்றில் எண்ணெய் வந்தது. அலையாத்தி முழுக்கக் கறுப்பு. ஜனங்கள் வாளியிலும் மக்கிலும் கையால் அள்ளினார்கள். மாமாவும் அள்ளினார். வலை, வளையம், படகு எல்லாம் போச்சு. ஏற்கெனவே சாம்பல் படிந்து ஆறு மேடாகிவிட்டது. ஆள் முழுகுகிற ஆழம் இருந்த இடத்தில் தண்ணி வத்தினால் இடுப்பளவுதான் என்பார். எண்ணெய்க்கு அப்புறம் பல மாதம் நண்டு வாங்க ஆள் வரவில்லை.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வளையம் இறக்கிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தோம். முன்பெல்லாம் அந்த நேரத்துக்குச் சுற்றிலும் பத்துப் படகாவது இருக்கும். அன்று நாங்கள் மட்டும். மாமா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"மாப்ள, உங்க யார்டுல பையனுக்கு எதனா சொல்லேன். வேற எதுவும் வேணாம். மாசமானா கையில காசு வர்ற மாதிரி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மாமா, நீங்க போனா இங்க யாரு இருப்பா?"

"அதான் பாக்குறியே. நீ ஒண்டியா இருக்கணும்னு லச்சக்கணக்குல குடுத்த. எனக்கு ஓசிலயே வந்துச்சி."

கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த வளையத்தைத் தூக்கினார். காலி.

நான் சூப்பர்வைசரிடம் பேசினேன். மாமா பையன் இப்போது என் ஷிஃப்டில் இருக்கிறான். சேர்ந்த அன்றைக்கு ஒரு காலிப் பெட்டி சோதனையில் ஓடிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்து காட்டினேன். புகை காலில் வந்து விழுந்தது. உள்ளே காலை வைத்தவன் உடனே வெளியே குதித்தான். "அய்யோ! இன்னாண்ணா இது, இதுல போயி மனுசன் நிப்பானா?"

"நிப்பாண்டா" என்றேன்.

அம்மாவின் செயினுக்கு மாதம் மூவாயிரம் எடுத்து வைக்கிறேன். தங்கம் ஏறுகிற வேகத்துக்கு அது எப்போது சேரும் என்று தெரியவில்லை. வீடியோக்களை விடவில்லை, இன்னும் பார்க்கிறேன். ஆனால் இப்போது அந்தத் தாடிக்காரன் கதவைச் சாத்தும்போது, அவன் இடத்தில் முன்னால் யார் பொறி வைத்திருப்பார்கள் என்று யோசனை போகிறது. சனிக்கிழமை ராத்திரி ஷிஃப்ட் முடிந்ததும் தூங்காமல் நேராகக் காட்டுக்குப்பம் போகிறேன். நாற்பது வளையத்தில் இருபதை நான் இறக்குகிறேன். பையன் வரமாட்டேன் என்கிறான். தூங்கட்டும். அமாவாசைக்கு நண்டில் சதை இருக்கும் என்பார் மாமா. இந்த வாரம் அமாவாசை.